நிறைவெண்ணுக்குள் அடங்காத என் வண்டி

மகளே,

நாளை காலை நீ கொழும்புக்குப் போகிறாய். புரோகிராம் எழுதுகிறவள் என்று பெயர் போட்டு உனக்குச் சம்பளம் தரப்போகிற முதல் வேலை. உன் அம்மா இரண்டு நாளாகச் சம்பலையும் ஊறுகாயையும் போத்தல் போத்தலாக அடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் வாயைத் திறக்காமல் ஆட்டோவைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைப்பதை நீ ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாய். உன்னிடம் சொல்ல என்னிடம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, போன மாதம் உன் அப்பா சீகிரியா ஆட்டோ ஸ்டாண்டில் ஜெயித்த கதை. அதை ஊர் கேட்கச் சொல்வேன். அம்மா பாதி சொல்லியிருப்பாள், அந்தப் பாதியில் நான் கத்தியது மட்டும்தான் இருக்கும். மற்றது நான் உனக்குச் செய்த ஒரு தப்பு. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனம் விட்டுப் பீற்றிக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் ஏ.எல். பரீட்சை முடிந்த வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் நிரப்பி, உறையில் போட்டு, ஒட்டி, தம்புள்ளை தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகப் போடச் சொல்லி என்னிடம் தந்தாய். அது தபாலில் தொலைந்துவிட்டது என்று உனக்குச் சொன்னேன். அது தொலையவில்லை. என் வண்டியின் பின் சீட்டுக்கடியில், ஸ்பானர் பெட்டிக்குள் இருந்தது. கடைசித் தேதி கடக்கும்வரை நானே வைத்திருந்தேன். நீ ஒரு வருஷம் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்று வெள்ளைக்காரர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்தாய். அடுத்த வருஷம் என்னிடம் தராமல் நீயே போய்ப் போட்டாய். அப்போதே உனக்குச் சந்தேகம் இருந்ததோ என்னவோ, நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், பயம். மாத்தளையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி, ஒரு ஆட்டோ வாங்கியதே பெரிய தாவல் என்று நினைத்தவன் நான். நீ டீச்சராகிவிட்டால் அரசாங்க வேலை, பக்கத்திலேயே இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். கம்ப்யூட்டர் என்றால் எனக்குப் புரியாத இடம். எனக்குப் புரியாத இடத்துக்கு நீ போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. உன் அம்மாவுக்கு இது பிறகுதான் தெரியவந்தது. தெரிந்து ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை, பேசிய பிறகு அவள் சொன்னது ஒன்றுதான்: "நீங்களே புள்ளகிட்ட சொல்லிருங்க. நா சொன்னா அது கோள் மூட்டுன மாதிரி ஆயிரும்."

நீ கண்டிக்கு இரண்டாம் வருஷம் படிக்கப் போன பிறகு உன் பழைய லெப்டொப்பும் முதல் வருஷக் கொப்பியும் அலமாரியில் கிடந்தன. ஒரு மழை நாள், ஹயர் கேட்டு ஒரு ஆளும் வரவில்லை. அப்படி என்னத்தைத்தான் இவளிடமிருந்து ஒளித்து வைத்தேன், பார்ப்போமே என்று கொப்பியைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே 'தரவு வகைகள்' என்று சிவப்பு மையில் எழுதிக் கோடு போட்டிருந்தாய். நிறைவெண் என்றால் ஒன்று, இரண்டு, இருபது மாதிரி முழுசாக நிற்கும் எண். தசம எண் என்றால் புள்ளி வைத்தது. சரம் என்றால் எழுத்தாகக் கோத்து வைத்தது, அது பெயராக இருந்தாலும் சரி, எண்ணாகவே இருந்தாலும் சரி. பூலியன் என்றால் ஆம் அல்லது இல்லை, வேறு பேச்சே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இவ்வளவு பயந்தேன்? பெட்ரோல் மூன்றரை லீட்டர் அடிக்கலாம், மூன்றரைப் பேரை ஏற்ற முடியாது. இது தெரியாத ஆட்டோக்காரன் உண்டா? பூலியன்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் ஸ்டாண்டில் எவனுக்குப் போன் போட்டாலும் "இந்தா வந்துட்டேன்" என்பான், அரை மணித்தியாலம் கழித்து வீட்டிலிருந்து புறப்படுவான். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதற்கு இடமே இல்லாத ஒரு உலகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மாதக்கணக்கில் ஒளித்து ஒளித்துப் படித்தேன். உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும், ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? இங்கிலீஷ் சொற்களை அகராதியில் தேடித் தேடி, உன் கொப்பியில் இருப்பதை அப்படியே தட்டி, பிழை வந்தால் லெப்டொப்பைத் திட்டி, ஒரு வழியாகப் பெயர்ப் பட்டியல் ஒன்றை வரிசையாக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். இந்தக் கம்ப்யூட்டர் மொழிக்குப் பைத்தன் என்று பாம்பின் பெயர் வைத்திருக்கிறார்களே, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்வேன். அவளோ, "பாம்ப அப்புறம் புடிங்க, பைப்பு ஒழுகுது பாருங்க" என்பாள்.

அப்போதுதான் ஸ்டாண்டில் பிரச்சினை வெடித்தது. எங்கள் முறை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். இருபத்து நான்கு வண்டி, சங்கத்துக்குச் செக்கட்டரி நான். ஒவ்வொன்றுக்கும் நம்பர். காலை ஏழு மணிக்குள் வந்தவர்கள் முதல் சுற்றில் நம்பர் வரிசைப்படி ஹயர் போக வேண்டும். ஒரு வாரம் ஒன்றிலிருந்து ஏறுவோம், மறுவாரம் கடைசி நம்பரிலிருந்து இறங்குவோம். வரிசையைக் கரும்பலகையில் சோக்கால் எழுதுவோம். சோக்கை அழிக்க ஒரு விரல் போதும் என்பதுதான் வினை. ஒருநாள் பலகையில் யாரோ கை வைத்துவிட, ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து வார் அறுந்து போனது. ஹோட்டல்காரர்கள் கொதித்துப்போனார்கள். அன்று கூட்டத்தில் பத்தாம் நம்பர் சமிந்த எழும்பினான். வயசுப் பையன், மூன்று பாஷை பேசுவான், வண்டியில் பாட்டும் லைட்டும். இனி முறையே வேண்டாம், யார் முதலில் ஓடிப்போய்ப் பிடிக்கிறானோ அவனுக்கே ஹயர் என்றான். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

நான் இரண்டாம் நம்பர் ரண்பண்டா அண்ணனைப் பார்த்தேன். அறுபத்தொரு வயது, ஒரு கால் சரியில்லை, இங்கிலீஷில் ஹலோவும் தேங்க்யூவும்தான். ஓடிப்பிடிக்கிற போட்டியில் அந்த மனுஷனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஹயரும் கிடைக்காது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் எப்படி வரும் என்று உனக்குத் தெரியுமே. எழும்பிவிட்டேன். ஸ்டாண்டில் பேச்செல்லாம் சிங்களம், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். "ஒரு வாரம் தாங்க. யாரும் அழிக்க முடியாத மாதிரி நா கொம்பியூட்டர்ல வரிச போட்டுக் காட்டுறேன். சரி வரலன்னா நீங்க சொல்ற மாதிரியே முறைய தூக்கிருவோம். நா செக்கட்டரி வேலையையும் விட்டுர்றேன்." பேசி முடித்த பிறகுதான் நான் என்ன பேசினேன் என்று எனக்கே விளங்கியது.

திங்கட்கிழமை காலை, பக்கத்துத் தம்பிலி இளநீர்க் கடையில் கரண்ட் எடுத்து, லெப்டொப்பை என் பின் சீட்டில் வைத்து, வந்த வண்டிகளின் நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டினேன். மற்ற இருபத்து மூன்று தலையும் என் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தன. பொத்தானை அழுத்தினேன். வரிசை வந்தது: ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, 12ஏ, பதினான்கு என்று பத்தொன்பது வரைக்கும் போய், அதற்குப் பிறகுதான் இரண்டு. அப்புறம் இருபதுகள் எல்லாம் வந்து, கடைசியில் மூன்றிலிருந்து ஒன்பது. இரண்டாவதாகப் போக வேண்டிய ரண்பண்டா அண்ணன் பன்னிரண்டாவது. அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்த 12ஏ யாருடைய வண்டி? நம்முடையது. நான் ஸ்டாண்டில் சேரும்போது மிச்சமிருந்தது பதின்மூன்றாம் நம்பர்தான். பதின்மூன்று ராசியில்லை என்று அடம்பிடித்து 12ஏ என்று பெயின்ட் அடித்தவன் நான். சின்ன வயதில் நீ வண்டிகளை எண்ணிப் பார்த்து, "பதிமூணு எங்கப்பா ஓடிப்போச்சு?" என்று கேட்பாயே, அதேதான். பதின்மூன்றாவதாக நிற்க வேண்டிய என் வண்டி இப்போது ஐந்தாவது.

"ஆஹா, செக்கட்டரி ஐயாவோட மெஷின் ஐயாவ மட்டும் முன்னுக்கு தூக்கி வச்சிருக்கு" என்றான் சமிந்த. சிரிப்பு அடங்கவே இல்லை. களவாணி என்று ஒருவன் வாய்விட்டே சொன்னான். இருபது வருஷமாக இந்த ஸ்டாண்டில் ஒரு ஹயரைக்கூட முந்தி எடுத்தவன் இல்லை நான். ரண்பண்டா அண்ணன் மட்டும் கிட்டே வந்து, "பரவால்ல தம்பி, நா பன்னெண்டாவதாவே போறேன்" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் பைத்தன் அதைச் சரமாகத்தான் வாங்கிக்கொள்ளும் என்று நீ எழுதி வைத்திருந்தாய். நான்தான் அந்த வரியை வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். பெயர்ப் பட்டியலில் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயரெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வருமே, அதுபோல ஒன்றில் தொடங்கும் நம்பரையெல்லாம் அது ஒன்றாக அடுக்கிவிட்டது. பத்து பெரிது, இரண்டு சிறிது என்பதே அதற்குத் தெரியாது, எழுத்தை மட்டும்தான் தெரியும். ஆக, சரத்தை நிறைவெண்ணாக மாற்றச் சொல்லி ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஒன்று, பத்து, இரண்டு என்று தட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, பத்து என்று வந்தது. துள்ளிக் குதித்தேன். உன் அம்மா பாம்புதான் வந்துவிட்டது என்று விளக்குமாற்றோடு ஓடி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். இருபத்து மூன்று நம்பரையும் தட்டினேன். கடைசியாக மரியாதைக்கு என்னுடையதைத் தட்டினேன். அவ்வளவுதான், சிவப்பு எழுத்து வரி வரியாக ஓடியது, புரோகிராம் செத்து விழுந்தது, தட்டியதெல்லாம் போச்சு. மறுபடி தட்டினேன், மறுபடியும் என் வண்டியில் வந்து விழுந்தது. 12ஏ என்பதை எப்படி நிறைவெண்ணாக்குவது? அந்த ஏ-யை அது எங்கே கொண்டுபோய் வைக்கும்? எல்லா வண்டியையும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முந்தின இரவே தோன்றியது, ஆனால் நம்முடைய வண்டி நமக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். "செக்கட்டரி, ஒங்க மெஷினுக்கே ஒங்கள புடிக்கல பாருங்க" என்றான் சமிந்த. பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "பேசாம பதிமூணுன்னு அடிச்சிருங்க, பெயின்ட் நானே கொண்டாறேன்" என்றான். அன்று வாய்ப்பேச்சில் வரிசை போட்டோம், இரண்டு சண்டை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், மத்தியானம் நானே பிரஷ் தேடினேன். ஒரு எழுத்தை அழித்துவிட்டால் தலைவலி தீர்ந்தது.

பிரஷ் கிடைக்கவில்லை, கொப்பிதான் கையில் கிடைத்தது. மார்ஜினில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாய்: 'கூட்ட வேண்டுமா, எது பெரிது என்று பார்க்க வேண்டுமா, அப்படியானால் எண். கூப்பிட மட்டும் என்றால் சரம். டெலிபோன் நம்பர் எண் இல்லை!!' முன்பு எத்தனையோ தடவை வாசித்த வரி. அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. நான் ஒரே பொருளைக் கொண்டு இரண்டு வேலை வாங்கப் பார்த்திருக்கிறேன். வண்டியில் பெயின்ட் அடித்திருப்பது கூப்பிடுவதற்கு, அது சரம். வரிசையில் எத்தனையாவது ஆள் என்பது ஒப்பிடுவதற்கு, அது நிறைவெண். இரண்டும் பெரும்பாலும் ஒன்று போலவே இருந்ததால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். நம்முடைய வண்டியில் மட்டும்தான் அவை வேறு வேறு, அதனால்தான் குட்டு வெளிப்பட்டது. என் பிடிவாதம் இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இது கடைசிவரை விளங்கியிருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி உன் அம்மாவின் உயிரை எடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று விஷயம் எழுதி வைத்தேன். கூப்பிடும் பெயர் ஒரு சரம். வரிசை இடம் ஒரு நிறைவெண். ஸ்டாண்டில் நிற்கிறானா என்பதற்கு ஒரு பூலியன், வந்தான் அல்லது வரவில்லை, 'இந்தா வந்துட்டேன்' செல்லாது. 12ஏ என்று தட்டினால் அது உள்ளுக்குள் பதின்மூன்றைத் தேடி எடுத்துக்கொள்ளும். இந்தத் தடவை இருபத்து நான்கையும் முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு வீட்டிலேயே ஒன்பது தடவை பார்த்தேன்.

புதன்கிழமை சமிந்தவையே தட்டச் சொன்னேன். அவன் வேண்டுமென்றே என் வண்டியை முதலில் தட்டினான், நம்பர்களைத் தாறுமாறாகப் போட்டான். பொத்தானை அழுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! பன்னிரண்டுக்குப் பிறகு 12ஏ, அதற்குப் பிறகு பதினான்கு. ரண்பண்டா அண்ணன் தொப்பியை மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்துபோய்த் தன் வண்டியை இரண்டாவதாக நிறுத்தினார். மகளே, அந்தச் சத்தம் இருக்கிறதே, அவருடைய பழைய எஞ்சின் முக்கி முக்கி ஸ்டார்ட் ஆகிற சத்தம், எனக்கு அன்றைக்குக் கோயில் மேளத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. தம்பிலிக் கடைக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

வாரக் கடைசியில் கூட்டம் வைத்தோம். இருபத்து நான்கு பேரில் இருபத்தொரு கை உயர்ந்தது. முறை நிற்கிறது! உயர்ந்த கைகளில் ஒன்று சமிந்தவுடையது. இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்கள். என் மகள், என்றேன். அவள் கொப்பியைப் பார்த்துப் படித்தேன் என்றேன். அந்த மகளுடைய ஒரு வருஷத்தை நான் ஒளித்து வைத்த கதையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவள் நீ. நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, உன் அம்மா ஒருத்தி அப்படி இருந்ததே போதும். உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. புரியாததைக் கண்டு பயந்தால் அதைத் திறந்து பார், என்னைப் போலச் சீட்டுக்கடியில் தள்ளாதே. அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் சமிந்த புதிதாக ஒரு விதி கொண்டுவந்தான். இந்தச் சந்தியிலிருந்து ஏறுகிற எல்லோருக்கும் முறை உண்டு, செக்கட்டரியின் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்து. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். இது ஒன்றிலிருந்து ஏறுகிற வாரம், ஆனால் நாளைக்கு ஒன்றாம் நம்பர்க்காரர் வரமாட்டார், அவர் வீட்டில் பிக்குமாருக்குத் தானம் கொடுக்கிறார்கள். இன்று மத்தியானம் நான் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் கேட்டுப் பார்த்தேன், நாளை ஒரு நாள் மட்டும், ஒரே ஒரு ஹயர், சொந்த மகள் என்று. யாரும் அசையவில்லை. "செக்கட்டரி, லெப்டொப்ப பாத்து சொல்லுங்க, மொதல்ல யாரு?" என்றான் சமிந்த. பார்த்தேன். ரண்பண்டா அண்ணன் அப்போதே வண்டிக்குப் பூ வாங்கக் கிளம்பிவிட்டார்.

ஆகவே உன் பெட்டிகளை நாளை அவருடைய வண்டியில் ஏற்று. அது மெதுவாகத்தான் போகும், தம்புள்ளையில் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வழக்கத்தைவிட அரை மணித்தியாலம் முந்தியே வீட்டிலிருந்து இறங்கி வா. நானும் அம்மாவும் 12ஏ-யில் பின்னாலேயே வருகிறோம். அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும், ரோடு காலியாகக் கிடந்தாலும், நான் முந்த மாட்டேன்.

அப்பா